பத்து மணி வெயிலில் உட்கார வெட்கமா?

இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து 62 வயது அம்மா ஒருவரின் கடிதம் வந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல பேத்தி எழுதியது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

1979இல், பதினாறு வயதில் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாட்களின் பதிவேட்டில், பெயர் பதிந்தவர். 2023இல் அறுபது வயதில் வேலையிலிருந்து நின்றார். 44 வருடமும் கொழுந்து பறிக்கிற வேலைதான். கணவர் காலமாகி ஐந்து வருடமாகிறது. மகள் குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். மகளின் பெண், அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவள், அம்மாயியோடு லயத்தில், தோட்டம் தந்த வரிசை வீட்டுக் காம்பராவில் (அறையில்), இருக்கிறாள். மகன் கொழும்பையடுத்த வத்தளையில் வாடகை வீட்டில் இருக்கிறார். அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், மனைவி வேலைக்குப் போக நினைக்கிறார். "தனியா இருந்து என்ன செய்யப் போறீங்க, இங்கே வந்துடுங்க" என்று மகன் கூப்பிடுகிறார். அதோடு, ஈ.பீ.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) பணத்தைக் கொடுத்தால் ஆட்டோ ஒன்று எடுக்கலாம் என்றும் சொல்கிறார். இதற்கிடையில் தோட்டத்துக் கிளாக்கர், "வேலைக்கு ஆள் இல்லாத வீட்டுக்குக் காம்பரா எதுக்கு?" என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறார்.

அம்மா கேட்பது இதுதான்: "மலைக்குப் போகாத ஒருத்திக்கு இனி என்ன இருக்கு டொக்டர்? சும்மா இருந்து சாப்பிட வெட்கமா இருக்கு. கொழும்புக்குப் போனா பிள்ளைகளையாவது பார்த்துக்கலாம். சாவுச் செலவுக்குக் கொஞ்சம் வைத்துக்கொண்டு மீதியை மகனுக்குக் கொடுத்திடலாமா? மறதி வேற வருது, பைத்தியம் பிடிச்சிடுமோன்னு பயம். சில ராத்திரி போய்ச் சேர்ந்துட்டா நல்லதுன்னு தோணும்."

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தில் மகனுக்கு என்ன வேண்டும், மருமகளுக்கு என்ன வேண்டும், குவைத்திலிருக்கும் மகளுக்கு என்ன கவலை, கிளாக்கர் என்ன சொன்னார் என்றெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. இரண்டாம் தடவை படிக்கும்போதுதான் ஓர் இடம் கண்ணில் பட்டது. வேலைக்குப் போகிற காலத்தில் காலை பத்து மணிக்கு நீங்கள் வீட்டில் இருந்ததே இல்லை. இப்போது அந்த நேரத்தில் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) நல்ல வெயில் விழுகிறது, உட்கார்ந்தால் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்று எழுந்து உள்ளே போய்விடுகிறேன் என்கிறீர்கள்.

உங்கள் பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொழும்பா லயமா என்பது அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

அந்த வெட்கத்தை உங்கள் மனப் பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தோட்டத்தில் காம்பரா, வேலை நேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பரா, தோட்டத்து மருந்து எல்லாமே வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்தவை. காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் நின்றால்தான் அந்த இடத்தில் இருக்க உரிமை என்ற நினைப்பு தலைமுறை தலைமுறையாக ஊறியது. 1948இல் தோட்டத்து மக்களின் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் நீங்கள் கைக்குழந்தையாக இருக்கும்போது, அவர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பும் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. பிற்பாடு உங்கள் அக்கா தலைமன்னாரில் கப்பலேறிப் போனார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மிச்சமிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்த ஒருவருக்குக் கூடையை இறக்கி வைத்ததும் காலடி மண்ணே போய்விட்டதுபோல் இருப்பதில் ஆச்சரியமில்லை. வங்கியிலிருந்தோ பள்ளிக்கூடத்திலிருந்தோ ஓய்வு பெறுகிறவர்களுக்கும் வெறுமை வரும். அவர்கள் யாரும் வீடு போய்விடுமோ என்று பயப்படுவதில்லை. உங்களுக்கு வெறுமையும் அந்தப் பயமும் சேர்ந்து வந்திருக்கின்றன.

ஆனால் மலையில் வேலை செய்த நாளைத் தவிர வேறு எதையும் கணக்கில் எடுக்காதது தோட்டத்தின் செக்ரோல். உங்கள் மனதும் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டு உங்களை எடைபோட வேண்டியதில்லை. லயத்தில் பிள்ளை பிறந்தால் குளிப்பாட்ட இன்னமும் உங்களைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று, ஏதோ தொந்தரவைச் சொல்வதுபோல் எழுதியிருக்கிறீர்கள். தாய் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பெண்ணை வளர்த்துக்கொண்டிருக்கிறீர்கள். இது 'சும்மா இருப்பது' என்றால், வேலை என்பது எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

சரி, நாளைக்கு இதையும் செய்ய முடியாமல் போகலாம். குழந்தையைத் தூக்கக் கையில் பலம் இருக்காது. பேத்தியும் படித்து எங்காவது போய்விடுவாள். அப்போது மதிப்புப் போய்விடுமா? உங்கள் கணவர் கடைசி இரண்டு வருடம் படுக்கையில் இருந்தார். ஒரு நாளாவது அவர் பயனில்லாதவர் என்று நினைத்தீர்களா? "அவர் இருந்தப்ப பேச ஆள் இருந்திச்சு" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கொடுத்த அந்த இடத்தை உங்களுக்கும் கொடுங்கள். முதுமையில் புதிதாகப் பழக வேண்டிய பெரிய வேலையே இதுதான், லேசில் வராது. 44 வருடப் பழக்கத்தை இரண்டு வருடத்தில் மாற்றிவிட முடியாது.

மறதி, தூக்கம், பேத்தி எழுதிய வரி

பேத்தியைக் கோபிக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன். "உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்று நீங்கள் சொன்னதை எழுதிவிட்டு, தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் அவள் தன் பங்குக்கு ஒன்று எழுதியிருக்கிறாள்: "அம்மாயி ராத்திரியில் முழங்கால் வலியில் அழுகிறார். எழுத வேண்டாம் என்றார். டவுனில் மாத்திரை வாங்கிப் போடுகிறார். கண்ணும் சரியாகத் தெரியவில்லை."

நல்ல பிள்ளை. ஒரு மனநல மருத்துவராக எனக்கு உங்கள் கடிதத்திலேயே மிகவும் பயன்பட்டது அந்த வரிதான்.

மறதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் வற்றிப்போனது, பேரப்பிள்ளைகளின் பெயர் மாறி வாயில் வந்தது, சாவியைத் தேடியது என்று ஒவ்வொன்றையும் எந்தக் கிழமை என்பதோடு சொல்லியிருக்கிறீர்கள். மறதி நோய் முற்றுகிறவர்களில் பலருக்குத் தாங்கள் மறக்கிறோம் என்பதே சரியாகத் தெரியாது. வீட்டிலுள்ளவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள். அதனால் உங்கள் மறதிக்கு வேறு காரணம் இருக்க அதிக வாய்ப்பு உண்டு. ஆனாலும் கடிதத்தை வைத்து முடிவு சொல்ல முடியாது, பார்க்கத்தான் வேண்டும். இரத்தச்சோகை, தைரொயிட் குறைவு, பி12 உயிர்ச்சத்துக் குறைவு, சரியாகத் தூங்காதது, காது மந்தம் எல்லாம் மறதியைக் கொண்டுவரும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரி செய்யலாம். 'பைத்தியம்' என்ற பேச்சே இதில் இல்லை. மறதி நோயாகவே இருந்தாலும் அது மூளையில் வருகிற நோய்தான். வயதானால் எல்லாருக்கும் வரும் என்பதும் தவறு.

இன்னொரு காரணமும் இருக்கலாம். அதிகாலை இரண்டு மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாட்டில் பிடிப்பு இல்லை, திருவிழாவுக்குக்கூடப் போக மனம் வரவில்லை, போய்ச் சேர்ந்தால் நல்லது என்று தோன்றுகிறது என்கிறீர்கள். இவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் நாங்கள் மனச்சோர்வு நோயைச் சந்தேகிப்போம். வயதானவர்களில் அது அழுகையாக வெளியே வர வேண்டுமென்றில்லை. உடம்பு வலியாகவும் மறதியாகவும் தூக்கமின்மையாகவும் வரும். வீட்டிலுள்ளவர்கள் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுவார்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, 62 வயதிலும் வேலை செய்யும். சாவைப் பற்றிய நினைப்பு அடிக்கடி வந்தாலோ, 'எப்படி' என்று யோசிக்கத் தொடங்கினாலோ கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பக்கத்து வீட்டாரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம்.

முழங்காலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரிவில் பாரத்தோடு ஏறி இறங்கிய கால்கள், தேய்மானம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பாமசியில் பெயர் தெரியாத வலி மாத்திரையை மாதக்கணக்கில் வாங்கிப் போடுவது ஆபத்து. வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும், பிரஷர் ஏறும். மாத்திரை அட்டைகளை ஒன்று விடாமல் பையில் போட்டு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போய்க் காட்டுங்கள். சீனி, பிரஷர், இரத்தப் பரிசோதனையையும் அங்கேயே கேட்டுச் செய்துகொள்ளலாம். தொடை தசையைப் பலப்படுத்தும் சில பயிற்சிகளை அங்கே சொல்லித் தருவார்கள். அது மாத்திரையைவிட நீண்ட நாள் உதவும். கண்ணில் பூ விழுந்திருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே சத்திரசிகிச்சை செய்துகொள்ளலாம். கண் தெளிந்ததும் விழுவது குறையும், பலருக்கு மறதியும் சோர்வும்கூடக் குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள்: சாவுச் செலவுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், கண்ணாடிக்கு ஏன் எடுத்து வைக்கவில்லை?

பணம்

சட்டம் என் துறை இல்லை. ஆனாலும் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பாதிப்பேரின் தூக்கம் கெடுவது பணக் கவலையால்தான் என்பதால், அடிப்படை விஷயங்களைத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

"எல்லாப் பணமும் ஒரே தடவையில் பாங்கில் விழுந்திச்சு" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது சந்தேகமாக இருக்கிறது. உங்களுக்கு வர வேண்டியது மூன்று தனித்தனிப் பணங்கள். ஊழியர் சேமலாப நிதி ஒன்று: உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் தோட்டம் போட்ட 12 வீதமும் சேர்ந்தது. ஈ.டீ.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) இன்னொன்று: தோட்டம் மட்டும் போடும் 3 வீதம், அதற்கு விண்ணப்பமும் வேறு. மூன்றாவது சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பள விகிதத்தில் கொடுக்க வேண்டும். 44 வருடத்துக்கு 616 நாள் சம்பளம். நாளுக்கு 1000 ரூபாய் என்று வைத்தாலே ஆறு இலட்சத்துக்கு மேல் வருகிறது. வேலை நின்ற 30 நாளில் கொடுத்திருக்க வேண்டிய பணம் அது. பாங்குப் புத்தகத்தைப் பேத்தியிடம் கொடுத்து, எந்தெந்தத் தேதியில் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றில் ஒன்று குறைந்தால் தொழிற்சங்கத் தலைவரிடமும், அவர் இழுத்தடித்தால் நேரே தொழில் திணைக்கள அலுவலகத்திலும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். 'எழுத்தில்' என்பதை விட்டுவிடாதீர்கள்.

அடுத்தது, அந்தப் பணம் மகனுடையது என்ற எண்ணம். "அவனுக்குத்தானே, நான் வெச்சு என்ன செய்யப் போறேன்" என்கிறீர்கள். உங்களுக்கு மாதாமாதம் ஓய்வூதியம் கிடையாது. இந்தப் பணம்தான் உங்களுக்கு ஓய்வூதியம். உங்கள் தாயார் 84 வயது வரை இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கணக்கில் இன்னும் 22 வருடம் இருக்கிறது. ஆட்டோவுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டால், மூன்றாம் மாதம் கண்ணுக்கு மருந்து வாங்க மருமகளிடம் கைநீட்ட வேண்டி வரும். அந்த நாளை நினைத்துப் பாருங்கள். மகன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. கஷ்டத்தில் இருக்கிறார், கேட்கிறார். கேட்பது தப்பில்லை, முழுவதையும் கொடுப்பதுதான் தப்பு. பெரும்பகுதியை அரசாங்க வங்கியில் உங்கள் பெயரில் நிலையான வைப்பில் போட்டு, மாதவட்டியைக் கைக்கு எடுங்கள். அதிக வட்டி தருகிறேன் என்று வாசலுக்கு வருகிறவர்களை உள்ளே விடாதீர்கள். மகனுக்கு உதவ விரும்பினால், திரும்பி வராவிட்டாலும் உங்களைப் பாதிக்காத ஒரு தொகையைக் கொடுங்கள். ஏ.டி.எம். அட்டையை யாரிடமும் கொடுக்க வேண்டாம், பேத்தியிடம்கூட.

சட்டத்தின் பார்வை உங்கள் பார்வைக்கு நேர் எதிரானது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோர் பராமரிப்புச் சபைக்குப் போய்ப் பிள்ளைகளிடமிருந்து மாதச் செலவு கேட்கலாம். உங்கள் மகன்மேல் முறைப்பாடு செய்யுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவர் உங்களுக்குச் சோறு போட்டால் அது தயவு என்றும், நீங்கள் பணம் கொடுத்தால் அது கடமை என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான்.

அப்புறம், 60 தாண்டியவர்களுக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. கிராம சேவகர் கையெழுத்தோடு பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். ஆஸ்பத்திரி வரிசையிலும் பாங்கிலும் முன்னுரிமை கிடைக்கும்.

காம்பராவும் கொழும்பும்

கிளாக்கர் சொன்னதற்குப் பயந்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம். லயத்துக் காம்பரா உங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் உள்ள சொத்தில்லை என்பது உண்மைதான், அந்த அநியாயம் பழையது. அதற்காக வாய்வார்த்தையில் யாரும் உங்களை இறக்கிவிட முடியாது. வெளியேற்ற வேண்டுமென்றால் தோட்டம் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கடிதம் ஏதும் வந்தால் கையெழுத்து வைக்காமல், சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை கேளுங்கள். நடைமுறையில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நீங்களாகப் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போய் ஆறு மாதம் வராமல் இருந்தால், திரும்பி வரும்போது அங்கே வேறு குடும்பம் இருக்கும். அதனால் வாக்காளர் இடாப்பிலும் கிராம சேவகரின் பதிவிலும் உங்கள் பெயர் தோட்டத்திலேயே இருக்கட்டும். மரண உதவிச் சங்கத்துச் சந்தாவையும் விட வேண்டாம்.

கொழும்பில் நல்லதும் உண்டு. ஆஸ்பத்திரி பக்கம், பேரப்பிள்ளைகள் மடியில், குளிர் இல்லாததால் முழங்காலுக்குச் சுகம். நான் கவலைப்படுவது பகல் நேரத்தைப் பற்றி. மகனும் மருமகளும் காலையில் போனால் மாலை வரை இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நீங்கள் மட்டும்தான் வீட்டில். வலிக்கிற காலோடு ஓடுகிற பிள்ளையைப் பிடிக்க வேண்டும், அதற்கு லீவும் கிடையாது. இப்படிப் போய்ச் சேர்ந்த அம்மாமாரில் சிலர் ஒரு வருடத்துக்குள் மனச்சோர்வோடு என்னிடம் வந்திருக்கிறார்கள். பக்கத்துக் காம்பராவில் குரல் கொடுத்தால் பதில் வருகிற பழக்கத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். எல்லாருக்கும் அப்படி ஆவதில்லை. மருமகளோடு ஒத்துப்போகிறவர்கள், கோயிலோ சந்தையோ நடக்கும் தூரத்தில் இருக்கிறவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள்.

பேத்தியை என்ன செய்வது என்று உங்கள் கடிதத்தில் யாரும் கேட்கவில்லை. மகனும் கேட்டதாகத் தெரியவில்லை. பரீட்சை வருடத்தில் அவளைப் பள்ளிக்கூடம் மாற்றவோ, உறவுக்காரர் வீட்டில் விடவோ கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த ஒரு காரணமே இப்போதைக்குப் போதும்.

ஆகவே மகனிடம் 'வரமாட்டேன்' என்று சொல்ல வேண்டாம், 'இப்போது இல்லை' என்று சொல்லுங்கள். டெலிபோனில் அவர் அவசரத்தில் இருக்கும்போது பேசாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை பேசுங்கள். "பிள்ளையின் பரீட்சை முடியட்டும் தம்பி, அதுக்குள்ள நான் கண்ணையும் காலையும் காட்டிக்கிறேன். காசை பாங்கில் போட்டிருக்கேன், வட்டிதான் எனக்குச் சாப்பாடு" என்று இந்த அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். காரணங்களை அடுக்கினால் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்வார். கோபித்துக்கொண்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாலும் இருக்கட்டும். குவைத்திலிருக்கும் மகளிடம் இதை முதலில் சொல்லிவிடுங்கள், அவர் பக்கத்துப் பேச்சும் மகனுக்குப் போக வேண்டும்.

பாடசாலை விடுமுறையில் பேத்தியையும் கூட்டிக்கொண்டு பத்து நாள் வத்தளைக்குப் போய் இருந்து பாருங்கள். வீட்டில் எத்தனை படி ஏற வேண்டும், கழிவறையில் பிடித்து எழும்ப ஏதாவது இருக்கிறதா, பகலில் பேச யாராவது இருக்கிறார்களா, ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்று கவனியுங்கள். பிள்ளைகளை முழு நாள் வைத்துப் பார்த்தால் இரவில் கால் எப்படி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். திரும்பி வரும் தேதியை ஏறும்போதே மகனிடம் சொல்லிவிடுங்கள்.